அவிலாவில் செலவில்லாமல் பார்க்க

அவிலா, ஸ்பெயின்
14.01.2007

அன்புள்ள அக்கா,

கிறிஸ்மஸுக்கு நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. வின்சன்ட் அத்தானுக்கு வயிறு வைத்துவிட்டது. றொஷினி உங்களைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கிறாள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் ஏன் இவ்வளவு அலுப்பு? உங்கள் கறுப்புக் கோட் நல்ல வடிவு.

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது வாசியுங்கள். நீங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கிற கார்டெரிப் பிள்ளைகள் மத்தியானம் படுத்த பிறகு வாசித்தால் நல்லது.

நான் இந்த மடத்தை விட்டு வெளியே வர விரும்புகிறேன்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு மூன்று கிழமை எடுத்தது. மிச்சத்தை எழுதுவது சுகம்.

1999இல் மன்னாரில் இருந்து சிஸ்டர்மார் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டி வந்தபோது எனக்கு இருபது வயது. அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைகூட முடிந்திருக்கவில்லை. நீங்கள் ரெலிபோனில் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "யோசி, உன்னை இப்ப கனடாவுக்கு எடுக்க என்னால ஏலாது. சிஸ்டர்மார் ரிக்கற்றும் போட்டு, விசாவும் எடுத்து, கூட்டிக்கொண்டு போகினம். ஒரு சதம் செலவில்லை. இப்ப போ, பேந்து பாப்பம்." கன்னியாஸ்திரியாக எனக்கு ஆசை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஷெல் விழுகிற ஊரில் இருந்து வெளிக்கிட ஒரு கதவு திறந்தது, வெளிக்கிட்டேன். அதில் என் பிழையும் உண்டு.

இது பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ நடத்துகிற மடம் இல்லை, அக்கா. உள்ளே வந்தவர்கள் வெளியே போகாத மடம். செபம், தோட்டம், பிறகு முட்டை மஞ்சள் கருவில் இனிப்பு செய்து விற்பது. விற்பதும் முகம் காட்டாமல்தான். சுவரில் ஒரு சுழலும் மரப்பெட்டி பதித்திருக்கிறது. வாங்க வந்தவர் அந்தப் பக்கம் காசை வைப்பார். நான் இந்தப் பக்கம் பெட்டியைத் திருப்பிக் காசை எடுத்து, இனிப்பை வைத்துத் திருப்பி விடுவேன். எட்டு வருடமாக எனக்கு ஊர்ச்சனத்தின் குரல்கள் மட்டும்தான் தெரியும்.

வருகிற ஒக்ரோபர் பதினைந்தில் எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதைக் கொடுத்துவிட்டால் சாகும்வரை இங்கேதான். நான் மதரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "உன் குடும்பம் உன்னைப் பொறுப்பெடுக்கிறதாக ஒரு கடிதம் வரட்டும். ரிக்கற் மடம் போடும். செப்டம்பர் முதலாம் திகதிக்குள் வராவிட்டால் உனக்குப் போக இடமில்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்றார். அவர் சொல்வதும் சரி. என் விசா மடத்தின் பெயரில் இருக்கிறது. கதவைத் திறந்து விட்டாலும் நான் எந்தத் தெருவில் போய் நிற்பது?

ஒரு கடிதம்தான். "என் தங்கை யோசெப்பின் வெளியே வந்தால் எங்கள் வீட்டில் இருப்பாள்" என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து. வேறு ஒன்றும் வேண்டாம். வந்த நாளில் இருந்து உங்கள் கார்டெரியில் வேலை செய்வேன்.

யோசி

*

மொன்ட்ரியால்-நோர்
18.02.2007

அன்புள்ள யோசெப்பின்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. உடனே பதில் போடவில்லை என்று நினைக்காதே. இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. வெளியே பார்த்தால் பனி ஜன்னல் மட்டத்துக்கு நிற்கிறது. காலை ஆறரைக்கு முதல் பிள்ளையை வாங்கினால் பின்னேரம் ஆறு மணிக்குத்தான் கடைசிப் பிள்ளையைக் கொடுக்கிறேன். ஆறு பிள்ளைகள். ஆறும் மூக்கு வடியும். பிரெஞ்சில் அழும்.

வெளியே வந்து நீ என்னத்தைக் காணப் போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு அங்கே வாடகை இல்லை. மூன்று நேரமும் சாப்பாடு. ஒருவரும் உன்னைப் பார்த்துச் சத்தம் போடுவதில்லை. நாளைக்கு என்ன செய்வது என்ற யோசனை இல்லை. பக்கத்தில் ஆண்டவர். எல்லாம் சும்மா கிடைத்திருக்கிறது. நான் உன் இடத்தில் இருந்தால் முழங்காலில் நின்று நன்றி சொல்வேன். கை நிறையக் கிடைத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிவதில்லை.

இன்னொன்றையும் நினைத்துப் பார். இங்கே எங்கள் தமிழ் மிஷன் கோவிலில் என்னைக் கிறேஸ் என்று ஒருவரும் சொல்வதில்லை. "சிஸ்டரின்ட அக்கா" என்றுதான் பேர். திருநாளுக்கு முன்வாங்கில் இடம் வைப்பார்கள். நாங்கள் வந்த புதிதில் எங்களை ஏறெடுத்தும் பார்க்காத சனம் இது.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். மிஷனில் இருந்து ஓகஸ்டில் யாத்திரை போகிறோம். இருபத்திரண்டு பேர். பாத்திமாவில் இறங்கி, பஸ்ஸில் லூர்துக்கு. அம்புறோஸ் அண்ணைதான் தலைவர். நடுவில் அவிலாவில் ஒரு நாள் நிற்போம் என்று நான் சொன்னதும் எல்லாருக்கும் சந்தோசம். "சிஸ்டர் அங்க இருக்கிறா, ஒண்டுக்கும் செலவு வராது" என்று சொல்லிவிட்டேன். நீதான் என் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பக்கத்தில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடிய இடங்கள் எவை, எத்தனை மணிக்கு, எப்படிப் போவது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி அனுப்பு. றொஷினியும் வருகிறாள். காலேஜில் ஸ்பானிஷ் படிக்கிறாள், ஆகவே மொழிபெயர்க்க ஆள் பிடிக்கத் தேவையில்லை.

மற்ற விஷயத்துக்குச் செபம் பண்ணு. நானும் பண்ணுகிறேன்.

அக்கா கிறேஸ்

*

அவிலா
11.03.2007

அன்புள்ள அக்கா,

செபம் பண்ணினேன். ஒரு நாளைக்கு ஏழு தரம் பண்ணுகிறேன், அதுதான் இங்கே வேலை. அதில் மறுமொழி வராதபடியால்தான் உங்களுக்கு எழுதினேன்.

நீங்கள் கேட்ட இடங்களைப் பற்றி. எட்டு வருடத்தில் நான் இந்த ஊருக்குள் நான்கு தரம் போயிருக்கிறேன். மூன்று தரம் பல் வைத்தியரிடம், ஒரு தரம் விசாவுக்காகப் பொலிஸ் கந்தோருக்கு. போகும்போது நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே இந்த ஊரின் நடைபாதைக் கற்களைப் பற்றி என்னிடம் என்னவும் கேட்கலாம்.

இருந்தாலும் நீங்கள் கேட்டதற்காக விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இனிப்பு வாங்க வருபவர்களிடம் பெட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிறேன். "வெளியூர்க்காரர் வந்தால் காசில்லாமல் எதைப் பார்க்கலாம்?" முதலில் சிரித்தார்கள். இப்போது ஒரு கிழவர் ஒவ்வொரு வியாழனும் வந்து, இனிப்பு வாங்காமல் தகவல் மட்டும் தந்துவிட்டுப் போகிறார். கோட்டை மதிலுக்கு மேலே ஏறத்தான் ரிக்கற், வெளியே சுற்றி நடப்பதற்கு ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லையாம். ஆற்றைத் தாண்டிப் போனால் நான்கு கல்தூண்களும் நடுவில் ஒரு சிலுவையும் இருக்கிறதாம். அங்கே நின்றால் மதில் முழுவதும் ஒரே பார்வையில் தெரியுமாம். மாகாணத்தின் தெற்கே ஒரு வெளியில் ஈராயிரம் வருடப் பழைய கல் எருதுகள் நான்கு நிற்கின்றனவாம்.

எல்லாவற்றையும் கேட்டு, மணித்தியாலக் கணக்கோடு எழுதித் தருகிறேன். நீங்கள் எனக்கு அந்த ஒரு கடிதத்தைத் தாருங்கள். செப்டம்பர் முதலாம் திகதியை மறந்துவிடாதீர்கள்.

யோசி

*

மொன்ட்ரியால்-நோர்
20.05.2007

யோசெப்பின்,

என்னோடு பேரம் பேசுகிறாயா? நீ பிறந்தபோது உனக்குத் துணி தோய்த்தவள் நான். எனக்கு அப்போது பதினான்கு வயது.

அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாய். தபால்பெட்டித் திறப்பு என்னிடம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாது. உடைத்து வாசித்தேன். அவரிடம் கொடுக்கவில்லை. அந்த மனுசன் பேக்கரியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருகிறது. "பாவம், வரச் சொல்லு" என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டுப் படுத்துவிடும். பிறகு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். இனி என் வீட்டில் உள்ளவர்களுக்கு எனக்குத் தெரியாமல் எழுதாதே.

சரி, எனக்கு ஒன்றும் இரக்கமில்லாமல் இல்லை. நீ கேட்டதை எழுதி வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் துலைந்தாலும் துலையும். ஓகஸ்டில் வரும்போது கையில் கொண்டு வருகிறேன். உன் மதர் சொன்ன திகதிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே வந்துவிடுகிறோம், பிறகு என்ன பயம்?

நீ ஒழுங்குகளைக் கவனி. பதினாறாம் திகதி வியாழக்கிழமை காலை வருவோம், இரவு உங்கள் மடத்து விருந்தினர் அறைகளில் படுக்கலாமா என்று மதரிடம் கேள். இருபத்திரண்டு பேர் ஹோட்டலுக்குப் போனால் அம்புறோஸ் அண்ணை என் முகத்தைப் பார்ப்பார். கல் எருது வேண்டாம், தூரம். பெரிய கோவிலுக்குள் போக ரிக்கற் என்று றொஷினி இன்ரநெற்றில் பார்த்துச் சொல்கிறாள். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

அக்கா

*

அவிலா
09.06.2007

என் அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். "எழுதி வைத்திருக்கிறேன்" என்ற இடத்தைப் பத்துத் தரம். அத்தானுக்கு எழுதியது பிழைதான், மன்னித்துவிடுங்கள். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, அதனால் செய்தேன்.

மதர் விருந்தினர் அறைகளைத் தந்துவிட்டார். பத்து அறை, ஆண்கள் தனியாக. இரவுச் சூப்பும் ரொட்டியும் நாங்கள் தருவோம்.

இனி உங்கள் நாள். எட்டு மணிக்குப் பஸ் மதிலுக்கு வெளியே நிற்கட்டும். நேரே பெரிய கோவிலுக்குப் போங்கள். சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குத்தான் ரிக்கற். பூசைக்கு வருபவர்களிடம் ஒருவரும் கேட்பதில்லை. எட்டரைப் பூசை சிறிய பீடத்தில் நடக்கும் என்று வியாழக்கிழமைக் கிழவர் சொன்னார். பூசை முடிந்தவுடன் எழும்பி ஓடாமல், செபமாலை சொல்கிற மாதிரி மெல்ல மெல்லப் பின்னுக்கு வந்தால் முழுக் கோவிலையும் பார்த்துவிடலாம். கல்லில் இரத்தம் தெறித்த மாதிரிச் சிவப்புப் புள்ளி இருக்குமாம், அண்ணாந்து பாருங்கள். பிறகு சந்தைச் சதுக்கம். அங்கே வாங்குகளில் உட்கார்ந்து, கொண்டு வந்த சாப்பாட்டைச் சாப்பிடலாம். கோபுரங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்குமாம், ஆனால் ஓகஸ்டில் அநேகமாகப் பறந்து போயிருக்கும். அவற்றின் சத்தம் எனக்குத் தெரியும், பலகையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஒருநாளும் கண்டதில்லை.

பதினொரு மணிக்கு மடத்துக்கு வாருங்கள். சந்திப்பு அறையில் நாற்பது நிமிடம். நடுவில் இரும்புக் கம்பி இருக்கும், பயப்படாதீர்கள். கம்பிக்குப் பக்கத்தில் அந்த மரப்பெட்டி இருக்கிறது. கடிதத்தை அதில் வையுங்கள், நான் திருப்பி எடுத்துக்கொள்வேன். எங்களுக்கு வருகிற கடிதங்களை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மதருக்கு முன்னால்தான் உடைக்கலாம், ஆகவே பகல் முழுவதும் அது என் பையில் இருக்கும்.

பின்னேரம் மதிலின் வடக்குப் பக்கமாக நடந்து, பாலத்தைத் தாண்டி நான்கு தூண்களுக்குப் போங்கள். வெயில் சாயும்போது மதில் தேன் நிறத்துக்கு வருமாம். றொஷினியை அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். அடுத்த வருடம் நான் உங்கள் வீட்டில் இருந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

உங்கள் யோசி

*

மொன்ட்ரியால்-நோர்
27.08.2007

அன்புள்ள சிஸ்டர்,

சனிக்கிழமை வீடு வந்து சேர்ந்தோம். கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

அவிலாவைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறார்கள். பாத்திமாவில் சனம், லூர்தில் மழை. அவிலாவில் ஒரு குறையும் இல்லை. பூசைக்குப் போய்ப் பெரிய கோவிலைப் பார்த்த வழியை அம்புறோஸ் அண்ணை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்கு ஒருவரும் கைப்பையைத் திறக்கவில்லை. சூப் மட்டும் கொஞ்சம் உப்பில்லை.

நீ கம்பிக்குப் பின்னால் ஒன்றும் கதைக்காமல் நின்றது எல்லாருக்கும் பக்தியாகப் பட்டது. உன்னை எல்லாருக்கும் முன்னால் "சிஸ்டர், எங்களுக்காகச் செபியுங்கோ" என்று நான் கூப்பிட்டபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒக்ரோபரில் உன் நித்திய வார்த்தைப்பாடு என்று நான் அறிவித்ததும் அவர்கள் கை தட்டினார்களே, அதை நீ கேட்டாய்தானே. பெண்கள் ஒவ்வொருவராகக் கம்பியைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அதில் எத்தனையோ படத்தில் உன் முகம் விழவில்லை, கம்பிதான் விழுந்திருக்கிறது. றொஷினி பாவம், பின்னேரம் தலையிடி என்று பஸ்ஸிலேயே படுத்துவிட்டாள், நான்கு தூண்களைப் பார்க்கவில்லை.

உறையில் நீ எதிர்பார்த்தது இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கோபிக்காதே. எழுத இருந்தேன், இரண்டு தரம் இருந்தேன். றொஷினிக்கு ரொறொன்ரோவில் இருந்து ஒரு கலியாணப் பேச்சு வருகிறது, நல்ல வேதக்காரக் குடும்பம், பெடியன் பார்மசிஸ்ற். "சின்னம்மா மடத்தால ஓடி வந்தவ" என்று ஒரு சொல் போனால் அது அதோடு சரி. எட்டு வருடம் இருந்துவிட்டாய், மிச்சத்தையும் இருக்க உனக்குப் பழகிவிடும். நான் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை.

வார்த்தைப்பாட்டுப் படங்களைப் பெரிதாகக் கழுவி அனுப்பு. மிஷன் மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள்.

அக்கா கிறேஸ்

*

அவிலா
10.09.2007

அன்புள்ள அக்கா,

உங்கள் உறை அன்று பகல் முழுவதும் என் பைக்குள் இருந்தது. மத்தியானச் செபத்தில் விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். தடித்த உறை. வார்த்தைப்பாட்டை நீங்கள் அறிவித்தது சனத்துக்காக என்று எடுத்துக்கொண்டேன். அத்தானும் கையெழுத்துப் போட்டு, பாஸ்போட் பிரதியும் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன்.

இரவு மதருக்கு முன்னால் உடைத்தேன். செபம் கேட்டு எழுதிய இருபத்திரண்டு துண்டுகள். அம்புறோஸ் அண்ணையின் முழங்கால் நோ நீங்க. ஒருவரின் வீட்டுக் கடன் தீர. ஒருவரின் மகள் ஒரு வெள்ளைக்காரப் பெடியனை விட. உங்கள் துண்டு கடைசியில் இருந்தது. "றொஷினிக்கு நல்ல இடத்தில் அமைய."

மதருக்குத் தமிழ் தெரியாது. "இதுதான் அந்தக் கடிதமா?" என்று கேட்டார். ஓம் என்றிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், ரிக்கற்றும் போட்டிருப்பார். நான் வந்து உங்கள் வாசலில் பெட்டியோடு நின்றிருப்பேன். நீங்கள் கதவைத் திறக்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். பிறகு "இல்லை, மதர்" என்று சொன்னேன்.

ஒக்ரோபர் பதினைந்தில் வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். படங்கள் அனுப்புவேன். இருபத்திரண்டு பேருக்கும் செபிக்கிறேன், அது என் வேலை.

றொஷினியின் தலையிடி சுகமா?

சிஸ்டர் யோசெப்பின்

*

மொன்ட்ரியால்-நோர்
03.02.2008

அன்புள்ள சிஸ்டர் யோசெப்பின்,

உங்கள் வார்த்தைப்பாட்டுப் படத்தைப் பொன் நிறச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டினார்கள். சுவாமி வந்து மந்திரித்தார். அதைப் பற்றி நீளமாக எழுதலாம் என்று இருந்தேன், இப்போது மனம் வரவில்லை.

யோசி, றொஷினி உன் மடத்துக்கு வரப் போகிறாளாம்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நான் முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு அவள் உன் மதர் எழுதிய கடிதத்தைக் காட்டினாள். நான்கு மாதமாக ஸ்பானிஷில் எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், காலேஜ் விலாசத்துக்கு. வீட்டுத் தபால்பெட்டியை அம்மா திறப்பா என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ஜூனில் வந்து சேரலாமாம். தாய் தகப்பன் ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் பத்தொன்பது வயது, வரலாமாம்.

நான் கத்தினேன். அவள் கத்தவில்லை, அதுதான் எனக்குப் பயம். "மம்மி, அங்க ஒருத்தரும் ஒருத்தரையும் காட்டி விக்கேல்லை. அங்க அமைதி. சின்னம்மாவின்ட முகத்தை நான் பாத்தனான். அப்பிடி ஒரு சந்தோசமான முகத்தை எங்கட வீட்டில நான் ஒருநாளும் காணேல்லை" என்று சொன்னாள். அத்தான் சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார். ரொறொன்ரோக்காரர் முடிவைக் கேட்கிறார்கள். இங்கே மிஷனில் யாரிடமாவது அழலாம் என்றால், "ஒரு வீட்டில ரெண்டு சிஸ்டர்மார், எவ்வளவு பாக்கியம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.

எனக்கு அவள் ஒருத்திதான், யோசி. ஒன்றுக்குப் பிறகு ஒன்று மூன்று போய், நான்காவதாகத் தங்கியவள். அவளை நான் கம்பிக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடியாது. நாற்பது நிமிடம் என்று மணி அடித்து எழுப்பிவிடுவார்களே.

உன் சொல்லைத்தான் அவள் கேட்பாள். ஒரு கடிதம் எழுது. உனக்கு அங்கே எப்படி இருக்கிறது என்று உண்மையை எழுது. வரவேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் உனக்குச் செய்தது பிழை. எழுதியே தருகிறேன், பிழை. பிள்ளையில் அதைக் காட்டாதே.

அக்கா

*

அவிலா
02.03.2008

அன்புள்ள அக்கா,

தபசு காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. குடும்பத்தில் கஷ்டம் என்று சொன்னதால் மதர் விலக்குத் தந்தார்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் மை கரைந்திருந்தது. அம்மாவின் சாவில்கூட நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. ரெலிபோனில் ரிக்கற் பற்றித்தான் கதைத்தீர்கள். கரைந்த இடத்தைப் பார்த்தபோது எனக்கு நன்றாக இருந்தது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். திரும்பவும் எடுத்துப் பார்த்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். ஓகஸ்டில் றொஷினிக்குத் தலையிடி இல்லை. நீங்கள் எல்லோரும் நான்கு தூண்களுக்குப் போனபோது அவள் மடத்துக்குத் திரும்பி வந்தாள். மதர் அன்றைக்கு மணி அடிக்காமல் விட்டதால் கம்பிக்கு அந்தப் பக்கம் இரண்டு மணித்தியாலம் இருந்தாள். ரொறொன்ரோப் பெடியனின் படத்தைக் காட்டினாள். பிறகு கேட்டாள், "சின்னம்மா, உங்களுக்கு இஞ்ச சந்தோசமா?" என்று.

அப்போது உங்கள் உறை என் பைக்குள் இருந்தது, அக்கா. இன்னும் உடைக்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுக் குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றுவேன், இந்தப் பிள்ளையோடு வெளியே நடப்பேன் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். "ஓம் பிள்ளை, இண்டைக்கு மாதிரி நான் ஒருநாளும் சந்தோசமா இருக்கேல்லை" என்று சொன்னேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்லவில்லை, அது உங்கள் வாயால் அவளுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் அந்தச் சந்தோசம் மடத்தால் வந்தது என்று எடுத்துக்கொண்டாள். அவள் கண்ட முகம் நீங்கள் கொடுத்ததுதான்.

அவள் மதருக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நவம்பரிலேயே தெரியும். உங்களுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டபடி அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, தனி உறையில் ஒட்டி, இதற்குள் வைத்திருக்கிறேன். அதற்கு முன் உங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்து வாசித்தேன். வாடகை இல்லை, மூன்று நேரமும் சாப்பாடு, ஒருவரும் சத்தம் போடுவதில்லை, பக்கத்தில் ஆண்டவர். எனக்கு இவ்வளவு நன்றாக எழுத வராது.

கடிதம் ஸ்பானிஷில் இருக்கிறது. உடைத்தாலும் உங்களுக்கு விளங்காது. தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிப்பிக்கலாம், ஆனால் சிஸ்டர் என்ன எழுதியிருக்கிறா என்று அடுத்த ஞாயிறு மிஷன் முழுவதும் கதைக்கும். கொடுக்காமல் ஒளித்து வைக்கலாம், அது உங்களுக்குப் பழக்கம்தான். ஒளித்தால் அவள் ஜூனில் வருவாள். கொடுத்தால், நான் வராதே என்று எழுதியிருந்தால், வராமல் விடுவாள். வா என்று எழுதியிருந்தால் ஜூன்வரைகூட நிற்க மாட்டாள்.

எதை எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. ஒரு கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு ஒரு பகல்தான். நீங்கள் விரும்பிய அளவுக்கு வைத்திருக்கலாம்.

அவள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று முகத்தைப் பாருங்கள். முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் பிழையாக விளங்கிக்கொண்டாள்.

முத்திரை மடம் ஒட்டியது. உங்களுக்கு ஒரு சதம் செலவில்லை.

சிஸ்டர் யோசெப்பின்